“தேதி இல்லைங்க”: கல்யாண வேலையை மனசாட்சி சொல்லி மறுக்கலாமா?

மே 11 – குத்தாலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டது

நானும் மச்சானும் சேர்ந்து கல்யாண போட்டோ, வீடியோ எடுக்கிறோம். ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு ஆர்டர் வந்திருக்கு. பையன் கிறிஸ்தவர், பொண்ணு இந்து. சர்ச்சும் இல்லை, கோயிலும் இல்லை, மண்டபத்தில் வைத்துத் தாலி, மோதிரம் இரண்டும். மச்சான் பெந்தெகொஸ்தே சபையில் ரொம்பத் தீவிரம். “இது அந்நிய நுகம், இதுக்கு நான் கேமரா தூக்க மாட்டேன்” என்கிறார். விசுவாசி இல்லாதவரோடு பிணைவதைப் பைபிள் அப்படிச் சொல்லுதாம். அமெரிக்காவில் கேக் கடைக்காரர் ஒருத்தர் இப்படி மறுத்து சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் ஜெயித்தாராம், நமக்கும் மத சுதந்திரம் இருக்கு, யாரும் கேட்க முடியாதாம். அப்படியா?

மே 11, இரவு

விரிவாக நாளைக்கு எழுதுகிறேன். இன்றைக்கு நான் வேலை பார்க்கிற மண்டபத்தில் பாத்திரக் கணக்குத் தகராறு, எண்ணி முடிக்கவே நடுராத்திரி ஆகிவிட்டது. அதுவரைக்கும் மச்சானிடம் ஒன்றே ஒன்று கேட்டு வை தம்பி. போன முகூர்த்தத்தில் ஓம குண்டத்தை குளோசப்பில் எடுத்தாரா இல்லையா? அது நுகம் இல்லையா?

மே 12

கேக் கதை முழுசாக இது. கொலராடோ மாநிலம், 2012. இரண்டு ஆண்கள் தங்கள் கல்யாண விருந்துக்குக் கேக் கேட்டுப் போனார்கள். பிறந்தநாள் கேக் தருகிறேன், பிஸ்கட் தருகிறேன், இந்தக் கல்யாணத்துக்கு மட்டும் செய்ய என் விசுவாசம் இடம் கொடுக்காது என்றார் கடைக்காரர். அப்போது அந்த மாநிலத்தில் ஒருபால் திருமணமே செல்லாது. அவர்கள் மாசசூசெட்ஸ் போய்க் கட்டிக்கொண்டு ஊரில் வந்து விருந்து வைப்பதாக ஏற்பாடு. மாநிலத்தின் சிவில் உரிமை ஆணையம் கடைக்காரர் செய்தது குற்றம் என்றது. 2018 ஜூன் 4-ல் சுப்ரீம் கோர்ட் 7-க்கு 2 என்று கடைக்காரர் பக்கம் தீர்ப்பளித்தது, அதெல்லாம் உண்மைதான். எதற்காக என்று மச்சான் படிக்கவில்லை. ஆணையத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர் மதத்தை இளக்காரமாகப் பேசினார்கள், நடுநிலையாக விசாரிக்கவில்லை, அதனால் அந்த உத்தரவு நிற்காது. நாட்டாமை வாய் நீண்டதால் பஞ்சாயத்தே செல்லாமல் போன மாதிரி. கடை திறந்தவர் மதத்தைச் சொல்லி யாரையும் திருப்பி அனுப்பலாம் என்று அதில் எங்கேயும் இல்லை. பொதுவான சட்டத்திலிருந்து வியாபாரி நழுவ மத நம்பிக்கை மட்டும் போதாது என்றுதான் அதே தீர்ப்பில் இருக்கிறது.

உங்கள் தொழிலுக்குக் கிட்டத்தில் இருப்பது வேறு வழக்கு. நியூ மெக்சிகோவில் ஒரு போட்டோ ஸ்டூடியோ இரண்டு பெண்களின் சடங்கை எடுக்க மறுத்தது. 2013-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றத்தில் ஸ்டூடியோ தோற்றது. அடுத்த வருஷம் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அந்த வழக்கைக் கையில் எடுக்கவே இல்லை. ஆக போட்டோகிராபர் தோற்றார், கேக்காரர் பாதி ஜெயித்தார்.

அப்புறம் 2023 ஜூன் 30-ல் இன்னொரு தீர்ப்பு, 6-க்கு 3. இதுவும் கொலராடோதான். வெப்சைட் வடிவமைக்கிற ஒரு பெண், கல்யாண வெப்சைட் செய்ய ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே, ஒருபால் திருமணத்துக்குச் செய்து தர என்னைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று கேட்டு வாங்கினார். அவர் ஜெயித்தது பேச்சு சுதந்திரத்தில், மத சுதந்திரத்தில் இல்லை. வெப்சைட்டில் எழுதுவது அவர் பேசுவது மாதிரி, ஒருவர் நம்பாததைப் பேச வைக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். மச்சான் பிடித்துக்கொள்ள வேண்டிய கொம்பு இதுதான், அவருக்குத் தெரியவில்லை. நானே எடுத்துக் கொடுக்கிறேன், போகட்டும்.

மே 12, பிற்பகல்

“போட்டோகிராபர் என்ன பேசுகிறார், சும்மா நடப்பதைப் பதிவு பண்ணுகிறார்” என்று மாயவரத்திலிருந்து ஒரு சார் கேட்டிருக்கிறார். சார், நீங்கள் கடைசியாகக் கல்யாணத்துக்குப் போய் எத்தனை வருஷம் ஆச்சு? இப்போதெல்லாம் கல்யாணத்தை நடத்துவதே போட்டோகிராபர்தான். “ஐயரே, முடிச்சை இன்னொரு தடவை மெதுவா”, “பொண்ணோட அப்பா கொஞ்சம் அழுங்க” என்று சொல்லி எடுக்கிறார்கள். கல்லணையில், தரங்கம்பாடிக் கோட்டையில் ஒரு நாள் முழுக்க ஓட விட்டு எடுக்கிறார்கள். தாலி கட்டும் நேரத்தில் சனம் பார்ப்பது கேமராக்காரர் முதுகைத்தான். ஆக அவர் கற்பனை அதில் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கணக்கில் போனால் மணவறை ஜோடிப்பவர், கோலம் போடுபவர், பாதாம் அல்வாவில் பேர் எழுதுபவர் எல்லாருமே பேசுகிறவர்கள் ஆகிவிடுவார்கள். வேலைக்காரர் என்று மிஞ்சுவது எச்சில் இலை எடுப்பவர் மட்டும்தான். அவருக்கு மறுக்கும் உரிமை கொடுக்க யாரும் வழக்குப் போடப் போவதில்லை.

மே 13

நம் ஊர் சட்டத்துக்கு வருவோம். அரசமைப்பின் 25-ஆம் பிரிவு மத சுதந்திரம் தருகிறது, சரி. எடுத்த எடுப்பில் என்ன சொல்கிறது? பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம், இந்தப் பகுதியின் மற்ற பிரிவுகள், எல்லாவற்றுக்கும் கட்டுப்பட்டு என்று. அந்த மற்ற பிரிவுகளில்தான் 15(2) இருக்கிறது. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் இவற்றை மட்டும் வைத்துக் கடை, உணவகம், விடுதி, கேளிக்கை இடம் எதிலும் ஒரு குடிமகனைத் தடுக்கக் கூடாது. அரசைப் பார்த்து மட்டும் சொன்னது இல்லை, தனியாரையும் கட்டுகிறது.

கடை என்றால் மளிகைக் கடையா என்ற கேள்வி அன்றைக்கே வந்துவிட்டது. 1948 நவம்பர் 29, அரசமைப்பு அவை. டாக்டர், வக்கீல் எல்லாம் இதில் வருவார்களா என்று கேட்டதற்கு அம்பேத்கர் பதில் சொன்னார்: சேவை தர முன்வருகிற யாரும் இதில் அடக்கம், உள்ளே விடுவது மட்டும் இல்லை, பேசிய விலைக்கு அந்தச் சேவையைக் கேட்டுப் பெறுவதும் சேர்ந்தது. 2011-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு மருத்துவக் கல்லூரி வழக்கில் இந்தப் பதிலைத் தூசி தட்டி எடுத்து, கடை என்பதை விரிவாகத்தான் பார்க்க வேண்டும் என்றது. ஆக குத்தாலத்தில் போர்டு மாட்டிய ஸ்டூடியோவும் கடைதான்.

ஆனால் மச்சானை நாளைக்கே போலீஸ் பிடிக்காது. 15(2)-ல் தண்டனை எழுதவில்லை. தண்டனை எழுதியிருப்பது 1955-ஆம் வருஷச் சட்டத்தில், 1976-லிருந்து அதற்குக் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பேர். அதன் 6-ஆம் பிரிவு, தீண்டாமையை வைத்துப் பொருள் விற்க, சேவை தர மறுத்தால் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, நூறிலிருந்து ஐந்நூறு ரூபாய் வரை அபராதம் என்கிறது. இன்றைக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மல்லிகைப்பூகூட வராது, அது வேறு விஷயம். மச்சான் மறுப்பது தீண்டாமையை வைத்து இல்லை, அதனால் இந்தப் பிரிவு அவரைத் தொடாது.

மே 13, அப்புறம் தோன்றியது

பையன் கிறிஸ்தவர், மச்சானும் கிறிஸ்தவர். “நான் மதத்தை வைத்து மறுக்கவில்லை, கலப்பை வைத்து மறுக்கிறேன்” என்று வாதாட முடியும். அந்தப் பெண் கிறிஸ்தவராக இருந்தால் எடுத்திருப்பாரா என்ற கேள்விக்குத்தான் பதில் வேண்டும்.

மே 15

சட்டம் போதும். நான் பார்த்ததைச் சொல்கிறேன். கும்பகோணம் சுற்று வட்டாரத்தில் மண்டபங்களில் பல வருஷம் மேனேஜர் வேலை பார்த்தவன் நான். கடவுளை முன்னால் நிறுத்தி “உனக்குத் தர மாட்டேன்” என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கொலராடோக்காரர் முகத்துக்கு நேராகச் சொன்னார், அதனால் வழக்கு நடந்தது. நம் ஊரில் சொல்வது ஒரே ஒரு வாக்கியம். “அன்னிக்குத் தேதி இல்லைங்க.”

ஒரு மண்டபம், பேர் வேண்டாம். அங்கே பதிவு நோட்டு நீளவாக்கில் இருக்கும், தேதிக்கு ஒரு வரி. ஆள் வந்து உட்கார்ந்ததும் முதலாளி தண்ணீர் கொடுக்கச் சொல்வார். பேர் கேட்பார். ஊர் கேட்பார். ஊர் சொன்னதும், “அங்க எந்தப் பக்கம்?” தெருப் பேர் வந்தால், “கோயிலுக்கு மேற்கயா கிழக்கயா?” இவ்வளவும் சிரித்துக்கொண்டேதான். காலனி என்று தெரிந்த உடனே கணக்குப்பிள்ளையைப் பார்த்து, “அந்தத் தேதியை யாரோ கேட்டிருந்தாங்களே?” என்பார். கணக்குப்பிள்ளை நோட்டைத் தன் பக்கம் திருப்பி, காலியாக இருக்கிற வரியில் பென்சிலால் ஒரு பேரை எழுதி, மறுபடி அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டுவார். அவர்கள் எழுந்து போனதும் ரப்பர். அந்த நோட்டில் சில தேதிகளில் தாள் தேய்ந்து பின்பக்க எழுத்து தெரியும்.

ஒரு தடவை பொண்ணோட தாய்மாமா ஒருவர், டீச்சர் வேலை பார்ப்பவர், நோட்டைப் பார்த்துவிட்டு, “பென்சில்ல இருக்கே, அட்வான்ஸ் வரலையா?” என்று கேட்டார். முதலாளி பதில் சொல்லவில்லை. அவரும் மேலே கேட்கவில்லை. வெளியே போய் வேப்ப மரத்தடியில் வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் கொஞ்ச நேரம் நின்றார்கள், அப்புறம் போய்விட்டார்கள். அந்த முதலாளி பெரிய பக்திமான். ஒப்பிலியப்பன் கோயிலுக்கு மாதம் தவறாமல் போவார். மனசாட்சி, விசுவாசம் என்ற வார்த்தைகளை எல்லாம் அவர் பயன்படுத்தியதே இல்லை. தேவைப்படவில்லை.

மே 16

“பொய் சொன்னால் எப்படி நிரூபிப்பது, சட்டம் இருந்து என்ன பிரயோஜனம்” என்று மன்னார்குடித் தம்பி கேட்கிறார். 1955 சட்டத்தின் 12-ஆம் பிரிவைப் பாருங்கள். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி என்றால், அந்தச் செயல் தீண்டாமையை வைத்துத்தான் செய்யப்பட்டது என்று கோர்ட் அனுமானிக்கும். இல்லை என்று காட்டுவது மறுத்தவர் பொறுப்பு. அதாவது முதலாளிதான் அந்தப் பென்சில் பேர்க்காரரைக் கூட்டிவர வேண்டும். நல்ல பிரிவு. ஆனால் கல்யாணத்தை வைத்துக்கொண்டு யார் ஸ்டேஷனுக்கு அலைவார்கள்? முகூர்த்தம் பக்கத்தில் வருகிறது, அடுத்த மண்டபத்தைத் தேடிப் போய்விடுவார்கள். முதலாளிகள் நம்பி இருப்பது இந்த அவசரத்தைத்தான்.

மண்டபத்தோடு முடிவதும் இல்லை. பட்டியல் சாதி, பழங்குடி வீட்டுக் கல்யாண ஊர்வலத்தைத் தடுப்பது, குதிரையிலோ வண்டியிலோ மாப்பிள்ளை போவதைத் தடுப்பது வன்கொடுமை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தில் தனியாக எழுத வேண்டி வந்தது. சும்மா எழுதுவார்களா?

மே 19

அசைவம் கூடாது என்று சைவ மண்டபம் சொல்வது பாகுபாடா இல்லையா என்று மூன்று பேர் சண்டை போட்டிருக்கிறீர்கள். என் கருத்து ஒன்றாக இல்லை, அதனால் நீளும்.

முதலில் சமையல்காரர். சைவச் சமையல் மட்டும்தான் செய்வேன் என்று ஒருவர் சொன்னால் அதில் பாகுபாடு இல்லை. அவர் பிரியாணியை யாருக்கும் போடுவதில்லை. பாய் வீட்டில் கூப்பிட்டுச் சாம்பார், அவியல், பால் பாயசம் கேட்டால் போட வேண்டும், அவ்வளவுதான். பெல்ஃபாஸ்டில் ஒரு பேக்கரி வழக்கிலும் 2018-ல் பிரிட்டன் சுப்ரீம் கோர்ட் இந்தக் கோட்டைத்தான் போட்டது. ஒருபால் திருமணத்தை ஆதரிப்போம் என்று கேக்கில் எழுதித் தரச் சொன்னார்கள், கடைக்காரர் மறுத்தார், கோர்ட் ஒருமனதாக அவர் பக்கம். அவர் மறுத்தது அந்த வாசகத்தை, ஆளை இல்லை. அதே வாசகத்தை யார் கேட்டாலும் எழுதியிருக்க மாட்டார். எனக்கு இந்தக் கோடு பிடித்திருக்கிறது. எதைச் செய்ய மாட்டேன் என்று சொல், யாருக்குச் செய்ய மாட்டேன் என்று சொல்லாதே.

ஆனால் மண்டபத்துக்கு வரும்போது இந்தக் கோடு நெளிகிறது. “அசைவம் அனுமதி இல்லை” என்று போர்டு. பார்த்தால் பொருளைப் பற்றிய விதிதான். சில இடங்களில் உண்மையான காரணமும் உண்டு: கோயிலை ஒட்டிய இடம், பாத்திரம் எல்லாம் சைவப் பாத்திரம். சரி. வேறு சில இடங்களில் அந்தப் போர்டே வடிகட்டி. முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு மறுநாள் பின்கட்டில் கறிச்சோறு போடுவார்கள், அதுக்கு மட்டும் போர்டு கண்ணுக்குத் தெரியாது. விதி ஒன்றுதான், யாருக்குத் தளர்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

சமூகத்தார் அறக்கட்டளை மண்டபம் இன்னும் சிக்கல். உறுப்பினர் காசு போட்டுக் கட்டியது, அவர்களுக்கு வாடகை குறைவு, அது நியாயம்தான் என்று நினைக்கிறேன். தங்கள் ஆட்களை மட்டும் சேர்க்கும் குஜராத் பார்சிகளின் வீட்டு வசதிச் சங்கத்தை 2005-ல் சுப்ரீம் கோர்ட் செல்லும் என்றே சொன்னது, சங்கம் சேரும் உரிமையை வைத்து. ஆனால் வெளியாருக்கும் வாடகைக்கு விட ஆரம்பித்த பிறகு, இன்ன வெளியாருக்கு உண்டு, இன்ன வெளியாருக்கு இல்லை என்று பிரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. காசு வாங்கும் வரைக்கும் அது வீடு, வாங்கின பிறகு கடை.

மே 20

சைவ மண்டபமெல்லாம் ஆடி, மார்கழி வந்தால் எங்களுக்குத் திறந்துவிடும் என்று நாகூர் பாய் சொன்னது நூற்றுக்கு நூறு. ஆடியிலும் மார்கழியிலும் மண்டபத்துக்குக் கரண்ட் பில் கட்டுவதே நிக்காஹ் வைபவங்கள்தான். சித்திரை, வைகாசியில் “பாய், நம்ம மண்டபம் சைவம்ங்க” என்று சொன்ன அதே வாய் ஆடி பிறந்ததும், “வெளியில சமைச்சுக் கொண்டாந்துடுங்க பாய், ஒண்ணும் பிரச்சனை இல்ல” என்னும். கொள்கைக்கும் பஞ்சாங்கம் உண்டு.

மே 24

“அப்ப ஐயரையும் கட்டாயப்படுத்துவீங்களா, பாதிரியாரையும் இழுத்துட்டு வருவீங்களா?” என்று ஒரு வாசகர் கேட்கிறார். மாட்டேன். மந்திரம் சொல்கிறவர், ஓலை வாசிக்கிற பங்குச்சாமியார், நிக்காஹ் ஓதும் ஹஜ்ரத் இவர்கள் செய்வது வழிபாடு. அவரவர் மதத்தின் விதிப்படி மறுக்கலாம். அதற்குத்தான் அவர்கள் இல்லாமலே கல்யாணம் பண்ண வழி வேண்டும். இந்துக்களுக்குத் தமிழ்நாட்டில் அது இருக்கிறது. அண்ணா முதல்வராக இருந்தபோது கொண்டுவந்த இந்து திருமணத் திருத்தம், 7ஏ பிரிவு, 1968 ஜனவரியிலிருந்து. மாலை மாற்று, இல்லை மோதிரம் போடு, இல்லை தாலி கட்டு, சொந்தபந்தமோ நண்பர்களோ முன்னால் புரிகிற மொழியில் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல். முடிந்தது. அதற்கு முன்னால் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று ஆக்கினார்கள். ஐயரைக் கட்டாயப்படுத்தவில்லை, அவர் தயவும் தேவையில்லாமல் போனது. இதைவிட நாசூக்கான ஏற்பாட்டை நான் எங்கும் பார்க்கவில்லை.

நாதஸ்வரம்தான் நடுவில் மாட்டுகிறது. அது வழிபாடா, வேலையா? ஷேக் சின்ன மௌலானா ஸ்ரீரங்கத்தில் குடியிருந்த இஸ்லாமியர், நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் பாடம் கேட்டவர். அவர் மதமும் அவர் வாசிப்பும் ஒன்றையொன்று தடுக்கவில்லை. ஆனால் அது அவர் தேர்ந்துகொண்டது.

மே 24, இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு வேறு ஒன்று உறுத்துகிறது. மறுக்கும் உரிமை என்றாலே ஆதிக்கக்காரன் கேட்பது என்ற மாதிரி எழுதிக்கொண்டு போகிறேன். நம் டெல்டாவில் மறுக்கவே முடியாமல் இருந்தவர்கள் யார்? பண்ணையில் விசேஷம், சாவு என்றால் பறை அடித்தே ஆகணும், சேதி சொல்லப் போயே ஆகணும், கூலி என்று கேட்கக் கூடாது. எங்கள் ஊரில் ஒரு தலைமுறைக்கு முன்னால் பறை அடிக்க மாட்டோம் என்று சிலர் நின்றார்கள், அதற்காகப் பட்டதும் உண்டு. அதுவும் சேவையை மறுப்பதுதானே? 1955 சட்டம் இதையும் யோசித்திருக்கிறது: தீண்டாமையை வைத்து ஒருவரைத் துப்புரவு செய்யவோ செத்த மாட்டைத் தூக்கவோ கட்டாயப்படுத்துவதும் குற்றம் என்று பின்னால் சேர்த்தார்கள், அதுவும் 7ஏ என்றே எண் வாங்கியிருக்கிறது.

ஆக, வேலை செய்ய மாட்டேன் என்பதை ஒரே தராசில் போட முடியாது. பிறப்பை வைத்து உன்மேல் சுமத்தின வேலையை நீ உதறுவது ஒன்று. நீயே போர்டு மாட்டி, ரேட் கார்டு அடித்து, ஊரைக் கூப்பிட்டுவிட்டு வந்தவரின் பிறப்பைப் பார்த்துக் கதவைச் சாத்துவது இன்னொன்று. மச்சான் இரண்டாவது வரிசையில்தான் நிற்கிறார்.

மே 26

ஒருபால் ஜோடி வந்தால் நம் ஊர் சட்டம் என்ன சொல்லும் என்று தனியாக ஒருவர் கேட்டார். 2023 அக்டோபர் 17-ல் சுப்ரீம் கோர்ட் அப்படித் திருமணம் செய்யும் உரிமை சட்டத்தில் இல்லை என்றது. விருந்து வைப்பதைத் தடுக்கவும் சட்டம் இல்லை. மறுத்த மண்டபத்தைப் பிடிக்க நேரடியான சட்டமும் இல்லை. திருநங்கை மணமகள் விஷயம் வேறு: 2019-ல் மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்தில் மணப்பெண் என்றால் திருநங்கையும்தான் என்று சொல்லி, தூத்துக்குடித் தம்பதியின் திருமணத்தைப் பதியச் சொன்னது. எங்கள் மண்டபத்தில் அப்படி ஒரு வரவேற்பு நடந்தது. சமையல்காரர் முதலில் முணுமுணுத்தார். பந்தியில் உட்கார்ந்தவர்கள் ரசத்தை மூன்றாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதும் அவர் கட்சி மாறிவிட்டார்.

ஜூன் 2

குத்தாலம் தம்பி எழுதியிருக்கிறார்: மச்சான் வர மாட்டார், நானும் சித்தப்பா பையனும் போய் எடுக்கிறோம், ஆர்டரை ஒப்புக்கொண்டாச்சு. சரிதான். ஸ்டூடியோ மறுக்கவில்லை, மச்சான் ஒதுங்கிக்கொண்டார், அவரும் யாரையும் அவமானப்படுத்தவில்லை. பெரிய ஊரில், இரண்டு கேமரா இருக்கிற கடையில் இது நடக்கும். ஒரே ஆள், ஒரே கேமரா என்றால் நான் அவரை எடுக்கத்தான் சொல்லியிருப்பேன், இல்லை போர்டைக் கழற்றச் சொல்லியிருப்பேன். ஓம குண்டத்துக்கு மச்சான் என்ன பதில் சொன்னார் என்று மட்டும் இவர் கடைசி வரைக்கும் எழுதவில்லை.

ஜூன் 3

பொண்ணு வீட்டாரிடம் யாராவது இதைச் சொன்னார்களா தெரியவில்லை, தம்பி நீ சொல்லிவிடு. பையன் கிறிஸ்தவர் என்பதால் மண்டபத்தில் கட்டுகிற தாலி மட்டும் போதாது. இந்து திருமணச் சட்டமும் 7ஏ-வும் இதற்கு உதவாது, இரண்டு பேரும் இந்துவாக இருக்க வேண்டும். ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே 1872 கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி நடத்தணும், இல்லை 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவாளரிடம் போகணும். சிறப்புச் சட்டம் என்றால் நோட்டீஸ் கொடுத்து 30 நாள் பொறுக்க வேண்டும், கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடித்தாக வேண்டும், தாண்டினால் புது நோட்டீஸ். ஆவணி கல்யாணத்துக்கு ஜூலை முதல் வாரம் கொடுத்தால் கணக்கு சரியாக வரும். இரண்டு பேரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாளாவது குடியிருந்திருக்கணும், முகவரிச் சான்று, வயதுச் சான்று, மூன்று சாட்சி. கூடுதல் கட்டணம் கட்டினால் பதிவாளரை மண்டபத்துக்கே வரவழைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, கேட்டுப் பார்க்கச் சொல். வந்தால் அவர் கையெழுத்துப் போடுவதையும் ஒரு ஷாட் எடுத்து வை.